சிம்புக்குச்சி

கூட்டங்களில் என்னைச் சிம்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள். துண்டறிக்கையிலும் அப்படித்தான் போடுகிறார்கள். எழுதுவதற்குக் கீழேயும் அந்தப் பெயர்தான். போன மாதம் ஒரு கருத்தரங்கில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பின்னால் நின்ற மாணவி, "தோழர், நீங்க எஸ்டிஆர் ரசிகரா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை. இப்படிச் சிரித்து நழுவுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. அதற்கு முன்னால் இன்னும் மோசம். "ஆமா, ரசிகர்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யை இங்கே அவிழ்த்துப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தப்பு அடிக்க இரண்டு குச்சி வேண்டும். (பறை என்று எழுதாமல் தப்பு என்று எழுதுகிறேன். எங்கள் பக்கம் அது தப்புதான். பறை என்பதை நான் பாடப்புத்தகத்தில்தான் படித்தேன்.) வலது கையில் பிடிப்பது அடிக்குச்சி. பூவரசங் கம்பில் குட்டையாக, தடிமனாகச் செதுக்கியிருப்பார்கள். இடது கையில் பிடிப்பது சிம்பு. மூங்கிலைப் பிளந்து மெல்லிசாகச் சீவிய நீளக் குச்சி. தப்பு வாரில் தொங்கும், இடது கை அதன் மேல்விளிம்பை அணைத்திருக்கும், அங்கேயிருந்து சிம்பு தோலின் மேல் சுள்சுள்ளென்று விழும். வேடிக்கை பார்ப்பவன் கண்ணெல்லாம் அடிக்குச்சி மேலேயே இருக்கும். "சிம்பு இல்லாம அடிச்சுப் பாரு, கதவத் தட்டுற மாதிரி இருக்கும்" என்பார் மாமா.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். அவருக்கு யாரும் தப்பு சொல்லிக் கொடுக்கவில்லை. அவருடைய அய்யா அடிக்கும்போது பின்னால் நின்று பார்த்ததுதான். எட்டு வயசில் ஒரு பழைய எண்ணெய் டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் அடித்துத் திரிந்திருக்கிறார். பன்னிரண்டு வயசில் செட்டில் நான்காவது ஆளாக நின்றுவிட்டார். பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது.

தப்பை அவரே செய்வார். வேப்பங்கட்டையை மூன்று துண்டாக வளைவு வரும்படி செதுக்கி, பொருத்தி, பின்பக்கம் இரும்புப் பட்டை அடித்து வட்டமாக்குவார். மாட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மயிரைக் களைவார். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைத் தடவித் தோலை இழுத்து ஒட்டுவார். அந்தப் பசை வேகிற வாசனையும் ஊறுகிற தோலின் வீச்சமும் சேர்ந்ததுதான் எனக்கு மாமா வீடு. காயவைத்த தப்பை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார். பிடித்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். பிடிக்காவிட்டால் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வரும், தோலுக்கும் கேட்கும், அத்தைக்கும் கேட்கும்.

அடிகளுக்கெல்லாம் பெயர் உண்டு. ஒத்தையடி, பாடம் அடி, டப்பா அடி, சப்பரத்து அடி, மருள் அடி, மாரடித்தல் அடி, சாமிச்சாட்டு அடி. பிற்பாடு ஜாயின்ட் அடி, சினிமா அடி என்றெல்லாம் சேர்ந்துகொண்டன. மாமாவுக்கு மருள் அடிதான் உயிர். பங்குனிப் பொங்கலில் சாமியாடி முன்னால் நின்று மெதுவாகத் தொடங்குவார். கொஞ்சங் கொஞ்சமாக நெருக்குவார். சாமியாடி கண்ணைப் பார்த்துக்கொண்டே அடிப்பார், இமை துடிக்கிற நேரம் பார்த்து ஒரு திருப்பு திருப்புவார். அந்த இடத்தில் சாமி இறங்கியே ஆகவேண்டும். இறங்கும். இறங்கின சாமி ஆடிக்கொண்டே கோயிலுக்குள் போகும். மாமா வாசலுக்கு வெளியே, செருப்பு கிடக்கிற இடத்தில் நிற்பார். சாமியை வரவழைக்கத் தெரிந்த மனுசனுக்கு அந்தச் சாமியை நேராகப் பார்க்க வழியில்லை. ஒருநாளும் மாமா இதைப் பற்றிப் பேசினதில்லை. நான்தான் எம்.ஏ. படித்தபிறகு பேசிக்கொண்டு திரிகிறேன்.

கேதம் வேறு. ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால் முதல் தகவல் எங்கள் தெருவுக்குத்தான் வரும். சொந்தபந்தத்துக்குக் கேதம் சொல்ல எங்கள் ஆள்தான் ஓடவேண்டும், இவர்கள்தான் தப்பு அடிக்கவேண்டும், குழியும் இவர்கள்தான். சட்டை போடக்கூடாது. துண்டு இடுப்பில் இருக்கவேண்டும். பந்தலுக்குள் நுழையக்கூடாது. உட்காரச் சொன்னால்தான் உட்காரலாம், யாரும் சொல்லமாட்டார்கள். சோறு தனியாக, கடைசியில். கூலி பேசுகிற வழக்கமே கிடையாது, கொடுத்ததை இரண்டு கையேந்தி வாங்கிக்கொள்ள வேண்டும். பொணம் எடுக்கிறவரைக்கும் அடி நிற்கக்கூடாது. நின்றால், "என்னடா, கை ஒடஞ்சு போச்சா?" என்று ஒரு குரல் திண்ணையிலிருந்து வரும்.

ஆறேழு வயசிலிருந்தே மாமாவோடு நான் போக ஆரம்பித்தேன். போனால் ஒரு பிடி சோறு கிடைக்கும் என்பதுதான் காரணம், கலை ஆர்வம் ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டு வேலை. வைக்கோல் போட்டுத் தீ அணையாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. தோல் குளிர்ந்தால் தப்பு தொளதொளத்துவிடும், அடிக்கடி காய்ச்சவேண்டும். பனிக்காலத்தில் ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை காய்ச்சினோம் என்று கணக்கே இருக்காது. இரண்டாவது வேலை, சீவின சிம்புகளை ஒரு கட்டாகக் கையில் வைத்துக்கொண்டு மாமாவுக்கு இடது பக்கம் நிற்பது. சிம்பு சீக்கிரம் ஒடியும். மருள் அடியில் ஒரு ராத்திரிக்கு அய்ந்தாறு போகும். ஒடிந்ததும் மாமா திரும்பிப் பார்க்கமாட்டார். வலது கை பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். இடது கையைப் பின்னால் நீட்டி, "சிம்பு!" என்று ஒரு சத்தம். நான் கையில் வைக்கவேண்டும். ஒரு அடி தவறக்கூடாது.

ராத்திரியெல்லாம் இந்தச் சத்தம்தான். கேட்டுக் கேட்டுத் தெருப்பிள்ளைகள் என்னைச் சிம்பு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு தெரு முழுக்க. அம்மாகூட. என் பெயரின் கதை இவ்வளவுதான். இதைச் சொல்வதற்குத்தான் எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

1998 மாசி மாசம். எனக்குப் பத்து வயசு. விடிகாலையில் அம்மாச்சி, அதாவது மாமாவைப் பெற்ற தாய், செத்துப்போனாள். அழுகைச் சத்தம் அடங்குவதற்குள் ஊருக்குள்ளிருந்து ஆள் வந்துவிட்டது. பெரிய வீட்டில் ஒரு கிழவரும் அதே ராத்திரியில் போயிருந்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார், "எங்காத்தா கெடக்குறா சாமி." வந்தவர் கோபப்படவில்லை. பதமாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. "சாயங்காலமாத் தூக்கிக்கங்கப்பா. அங்க மதியத்துக்குள்ள எடுத்துருவாக. வந்துரு."

நாலு பேரும் போனார்கள். நானும் சிம்புக் கட்டை எடுத்துக்கொண்டு போனேன். மதியம் ஆயிற்று. வெளியூரிலிருந்து மகன் வரவேண்டும் என்றார்கள். மூன்று மணி, நான்கு மணி. எங்கள் தெருவிலிருந்து ஒரு ஆள் வந்து தூரத்தில் நின்று கையைக் காட்டிவிட்டுப் போனான். மாமா அடித்துக்கொண்டே இருந்தார். மாரடித்தல் அடி. பந்தலுக்குள் பெண்கள் அந்த அடிக்கு மாரடித்து அழுதார்கள். மாமா கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தியா, அய்யா மேல எம்புட்டு விசுவாசம்" என்றார். அன்றைக்கு ஒன்பது சிம்பு ஒடிந்தது. ஒன்பதையும் நான்தான் கொடுத்தேன்.

பெரிய வீட்டுப் பொணம் எடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மாச்சியை அதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் தெருவில் தூக்கிவிட்டார்கள். தப்பு கிடையாது. அடிக்கிற நாலு பேரும் இங்கே. நாங்கள் எங்கள் சுடுகாட்டுக்கு ஓடியபோது குழி பாதி மூடியிருந்தது. தோளில் தப்போடு மாமா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார். தப்பு முன்னால் சரிந்து மண்ணில் இடித்து 'தொம்' என்றது. அம்மாச்சிக்கு விழுந்த அடி அது ஒன்றுதான். நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தெரு கூடியது. அம்பேத்கர் நூற்றாண்டான 1991-க்குப் பிறகு எங்கள் தெருவிலும் ஒரு படிப்பகம் வந்திருந்தது. அதை நடத்திய இளைஞர்கள் வெகுநாளாகவே சொல்லி வந்ததுதான்: செத்த மாடு தூக்காதே, கேதம் சொல்லப் போகாதே, தப்பு அடிக்காதே. 1927-இல் மகாத்தில் அம்பேத்கர் செத்த மாட்டு இறைச்சியை விடுங்கள் என்று சொன்னதை அவர்கள் கூட்டம் கூட்டமாகப் பேசியிருக்கிறார்கள். பெரியவர்கள் அதுவரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு மாமாதான் முதலில் எழுந்தார். பேசவில்லை. வீட்டுக்குள் போய்த் தப்பை எடுத்து வந்து, அரிவாளால் தோலைக் குறுக்கே ஒரு கிழி கிழித்தார். சட்டத்தை மட்டும் பரணில் போட்டார். மற்ற மூன்று பேரும் அப்படியே செய்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. காட்டுவேலை இல்லை. வரப்பில் மாடு நடக்கக்கூடாது. கடையில் சாமான் இல்லை. நாலு மாசம். மாமா திருப்பூருக்குப் போய் மூட்டை தூக்கினார். தப்புப் பிடித்த தோளில் மூட்டை உட்காரவில்லை என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.

நான் 2006-இல் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். பார்க்க வந்த தெருக்காரன் வாசலில் நின்று "ஏ சிம்பு" என்று கத்திவிட்டான். அறையில் இருந்தவர்கள் "ஏன்டா சிம்பு?" என்றார்கள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தலைவர் ரசிகன்டா நான்" என்றேன். அந்த நடிகர் எனக்குச் செய்த உதவி அவருக்கே தெரியாது. பொய்யைக் காப்பாற்ற அந்த வருசம் வந்த 'வல்லவன்' படத்தை மூன்று தடவை பார்த்தேன். சுவரில் படம் ஒட்டினேன். அப்பன் பேரைக் கேட்டால்கூடச் சொல்லிவிடலாம், மாமன் தொழிலைக் கேட்டுவிடக்கூடாதே என்ற பயம்.

எம்.ஏ.வில் தொல்காப்பியம். ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை போலப் பறையும் ஒரு கருப்பொருள் என்று பேராசிரியர் பெருமையாக நடத்தினார். புறநானூற்றின் 335-ஆம் பாட்டு துடியனோடும் பாணனோடும் பறையனையும் சேர்த்து, இந்த நான்கை விட்டால் வேறு குடியே இல்லை என்கிறது. பறை என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்தில் பேசுவதைப் பறைதல் என்பார்கள், மலையாளத்தில் இன்றும் பேச்சு பறைச்சில்தான். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த அறையில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை. இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் இருந்தவன் தமிழர் பெருமை, எங்கள் தெருவில் இருக்கிறவன் கேதத்துக்கு வருகிறவன். எங்கள் பக்கம் தப்பு என்றால் வாத்தியம், தப்பு என்றால் குற்றமும். இதற்கு இலக்கணத்தில் என்ன பெயரோ.

பிறகு இயக்கம், கலைக்குழு. 2012-இல் ஒரு பத்து நாள் பயிலரங்கில் தப்பு கற்றேன். சிம்பு எடுத்துக் கொடுத்த கைக்கு அதற்கு முன் அடிக்கிற உரிமை வந்ததில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் இடுப்பை வளைத்துத் தப்பு அடித்து ஆடுவதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆண்களே அடித்த வாத்தியத்தைப் பெண்கள் எடுத்தது சின்ன விசயமல்ல. மதுரை இறையியல் கல்லூரியில் இசையையே விடுதலை இறையியலாக்கிய தியோபிலஸ் அப்பாவு தன் பெயரைப் 'பரட்டை' என்றே வைத்துக்கொண்டார் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். இழிவாகச் சொன்ன சொல்லை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட மனிதர். எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்துதான் சிம்பு என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

புதுத் தப்பை வாங்கிக்கொண்டு மாமாவைப் பார்க்கப் போனேன். திருப்பூரிலிருந்து திரும்பி ஊரில்தான் இருந்தார். இரும்பு வளையம், பைபர் தோல். மாமா தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"இதக் காய்ச்ச வேணாமோ?"

"வேணாம் மாமா. மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்ப வைக்கோல் போடுற பயலுக்கு என்ன சோலி?"

சிரித்தார். பிறகு நான் விடுதலைக் கருவி, எதிர்ப்புப் பண்பாடு என்று பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், "நீ மேடையில அடிக்கிற, கைதட்டுறாக. நல்லாருக்கு மாப்ள. நாங்க அடிச்சதுக்கு எவன் கைதட்டுனான்? அதக் கிழிச்சதுக்குத்தான் நாலு மாசம் சோறில்லாமக் கெடந்தோம். நீ தச்சு மாட்டிக்கிட்டு வந்து நிக்கிற."

அந்தப் பேச்சுக்கு என்னிடம் இன்றும் சரியான பதில் இல்லை. தப்பை விட்டெறி என்றவர்களும் மீட்டெடு என்றவர்களும் நம் இயக்கங்களில் இரண்டு பக்கமாக நின்று சண்டை போட்டிருக்கிறோம். நான் இரண்டாவது பக்கம். ஆனால் அந்தப் பக்கத்தில் இப்போது கூட்டம் அதிகமாகி, எனக்கு மூச்சு முட்டுகிறது. 2007-இல் சென்னை சங்கமம் வந்து நாட்டார் கலைகளைப் பூங்காக்களில் ஏற்றியது. கல்லூரி விழாவில், கல்யாண வரவேற்பில், வெளிநாட்டுத் தமிழ் விழாக்களில் பறை. 'தமிழர் ஆதி இசை' என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். நல்லது, அடிக்கட்டும். ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால் போன் யாருக்குப் போகிறது? அந்தப் பனியன்காரருக்கா? எல்லாருக்குமான இசை, ஒரு தெருவுக்கு மட்டுமான வேலை. தண்டோரா போடுகிற முறை வேண்டாம் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியதே 2022-இல்தான். 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது மாமாவிடம் செய்தியைக் காட்டினேன். வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "கையப் பாத்தியா, உழைச்ச கை" என்றார். சந்தோசப்பட்டார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை 2019-இல் செத்துப்போனாள். நான் ராத்திரியே போய்விட்டேன், தப்பும் பையில் இருந்தது, அடிக்கலாமா என்று கேட்கத்தான் தைரியம் இல்லை. காலையில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா திண்ணையில் இருந்து எழுந்து என்னிடம் வந்தார். "அதக் குடு" என்றார்.

இருபத்தோரு வருசம். வாரைத் தோளில் மாட்டி, நகத்தால் சுண்டினார். முகத்தைச் சுளித்தார். பிறகு அடிக்கத் தொடங்கினார். முதலில் ஒத்தையடி. விரல்கள் தடுமாறின, தெருவே வாசலில் வந்து நின்றது. அப்புறம் மாரடித்தல் அடி. அத்தைக்கு அடித்தாரா, அம்மாச்சிக்கு அடித்தாரா, எனக்குத் தெரியாது. நெருக்கிக்கொண்டே போனார். சட்டை போட்டிருந்தார். காலில் செருப்பு இருந்தது. சிம்பு ஒடிந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டினார்.

"சிம்பு!"

முப்பது வயசுக்காரன், கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன். வாங்கும்போது ஒரு சோடிக் குச்சிதான் கொடுத்திருந்தார்கள். வலது கை அடித்துக்கொண்டே இருக்கிறது. ஓடிப்போய்ப் பாடைக்கு வெட்டி மிஞ்சிய மூங்கில் துண்டை எடுத்து, கட்டுகிறவர் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிப் பிளந்து சீவினேன். கையைக் கிழித்துக்கொண்டேன். கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். நாலைந்து அடி தவறிவிட்டது.

இரண்டு தட்டு தட்டினார். சத்தம் மந்தமாக விழுந்தது.

"பச்ச மூங்கி பேசாது மாப்ள" என்றார், அடித்துக்கொண்டே. "காஞ்சதுல சீவி வைக்கணும்னு ஒனக்குச் சொல்லிருக்கேன்ல."

அதை வைத்தே சுடுகாடு வரைக்கும் அடித்தார்.